ஆறு வட்டம், ஒரு முக்கோணம்

எனக்கு அப்போது ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும். ‘ஏழு சாமுராய்’ படத்தின் அடியில் ஓடிய வெள்ளை எழுத்துகளில் முதல் சொல்லை நான் கூட்டி முடிப்பதற்குள் வரியே மறைந்துவிடும். கொஞ்ச நேரம் துரத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதன் பிறகு திரையின் அடிப்பக்கம் என் கண் போகவே இல்லை. குதிரைகளைப் பார்த்தேன், முகங்களைப் பார்த்தேன், காற்றில் புழுதி எழுவதைப் பார்த்தேன். கதை முழுதும் புரிந்தது. யார் நல்லவர், யார் பயந்தவர், யார் யாரை இழந்தார், எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான், எல்லாம். எப்படிப் புரிந்தது என்று இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் அது ஒன்றைத்தான்: பேச்சு செய்ய வேண்டிய வேலையை அதில் காட்சியே செய்துவிடுகிறது.

கூட்டிக்கொண்டு போனவர் மாமா, அம்மாவின் தம்பி. மாயவரத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பாங்க் குமாஸ்தாக்கள், கல்லூரி ஆசிரியர்கள், இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர்கள் சிலர் சேர்ந்து ஃபிலிம் சொசைட்டி ஒன்று நடத்திவந்தார்கள்; மாமாவும் அதில் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வெள்ளைத் துணி கட்டி, தகரப் பெட்டிகளில் ரயிலேறி வந்த 16 எம்எம் ரீல்களை ஓட்டுவார்கள். இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, சுற்றி எடுத்து, அடுத்ததை மாட்ட வேண்டும். அந்த இடைவெளியில்தான் மாமா பேசுவார். படம் ஓடும்போது வாய் திறக்க மாட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன சொல்றாங்க என்று கேட்டதற்கு, “பேசுறதைப் பத்திக் கவலைப்படாத கண்ணு. கண்ண மட்டும் எடுக்காத” என்றார்.

முதலில் தெரிந்தது ஒரு கோடு. கீழே கறுத்த மண், மேலே வெளுத்த வானம். அந்தக் கோட்டின் மேல் குதிரைகள் ஓடி வருகின்றன. குதிரையில் இருப்பவர்களின் முகம் தெரியவில்லை, நிழலுருவம் மட்டுமே. மேட்டின் மேல் நின்று கீழே ஒரு கிராமத்தைப் பார்க்கிறார்கள். என்னவோ பேசிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அவர்கள் போன பிறகு புதருக்குள்ளிருந்து விறகுச் சுமையோடு ஒரு விவசாயி எழுந்திருக்கிறார். அடுத்து அந்தக் கிராமம், உயரத்திலிருந்து. ஊர் முழுக்க நடுவெளியில் வட்டமாகக் குந்தி உட்கார்ந்திருக்கிறது. எல்லார் முதுகும் வளைந்திருக்கிறது. ஒரு முகம்கூடத் தெரியவில்லை, அழுகிறார்கள் என்று மட்டும் தெரிகிறது. கொள்ளைக்காரர்கள் வரப்போகிறார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மேட்டின் மேலிருந்து பார்க்கும் பார்வையும் பள்ளத்தில் வளைந்த முதுகுகளும் அடுத்தடுத்து வந்ததே போதுமானதாக இருந்தது.

முதல் ரீல் மாற்றும்போது மாமா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. “மேல யாரு இருந்தா, கீழ யாரு இருந்தா?” அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பிறகு படம் முழுக்க நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமுராய்கள் திண்ணை மேல், விவசாயிகள் மண் தரையில். சாமுராய் ஒருவர் கையில் வெள்ளைச் சோறு, சோறு கொடுத்த விவசாயிகளுக்குத் தினைக் கஞ்சி. அந்தக் காலத்து ஜப்பானில் நெல் விளைவித்தவர்கள் நெல்லுச்சோறு சாப்பிடவில்லை என்பதை டெல்டாவில் பிறந்த குழந்தைக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில், இருட்டான சத்திரத்துக்குள், அழுக்கேறிய கந்தல் உடைகளுக்கு நடுவில், அந்தக் கிண்ணத்துச் சோறு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. யாரோ அரிசியைத் திருடிக்கொண்டு போன பிறகு, யொஹெய் என்ற கிழ விவசாயி தரையில் சிந்திக் கிடக்கும் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். ஒரு மணி, இன்னொரு மணி. அந்த விரல்களைப் பார்த்து நான் அழுதேன். பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

மாமாவின் ஸ்டுடியோவில் நான் வளர்ந்தேன் என்றே சொல்லலாம். பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்குப் போகாமல் அங்கே போய்விடுவேன். ஹைப்போ நெடியும் டார்க் ரூமின் சிவப்பு விளக்கும் எனக்குப் பழக்கம். படம் பார்த்த மறுநாள் சாயங்காலம் அலமாரியிலிருந்து ஒரு டெலி லென்ஸையும் இரண்டு பழைய பிரிண்டுகளையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். இரண்டும் ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்கு. துலாக்கட்டத்துக் கூட்டம். ஒன்று படித்துறையில் கூட்டத்துக்குள்ளேயே நின்று சாதாரண லென்ஸில் எடுத்தது. இன்னொன்று காவிரிக்கு எதிர்க்கரையிலிருந்து டெலியில் எடுத்தது. முதல் படத்தில் முன்னால் நிற்கும் ஆள் பெரிதாகவும் பின்னால் நிற்பவர்கள் புள்ளிகளாகவும் இருந்தார்கள். இரண்டாவதில் முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தலைகள் சுவர்போல அடுக்கியிருந்தன.

“தள்ளி நின்னு இதால எடுத்தா, கிட்ட நிக்கிறவனும் தூர நிக்கிறவனும் ஒட்டிக்குவான். நடுவுல இருக்கிற இடம் காணாமப் போயிடும். அந்தக் குதிரையெல்லாம் உன் மேலேயே வந்து விழற மாதிரி இருந்துச்சுல்ல? அதுக்கு இதான் காரணம்.”

விவசாயிகள் நான்கு பேர் நகரத்துக்குப் போய், தங்களுக்காகச் சண்டை போடச் சாமுராய் தேடுகிற இடத்தை அவர் அந்த லென்ஸை வைத்துத்தான் விளக்கினார். தெருவில் ஜனம் நெரிகிறது. நடுவில் இடுப்பில் வாளோடு ஒருவர் நடந்து போகிறார். அவரை மறைத்துக்கொண்டு வேறு யார் யாரோ குறுக்கே போகிறார்கள். அடுத்த சாமுராய், அதற்கடுத்தவர். கேமரா எங்கோ ஒளிந்து நின்று பார்க்கிறது. கெஞ்சத் தைரியமில்லாதவர்கள் தூரத்திலிருந்து பார்க்கிற பார்வை அது. அந்தத் தயக்கத்தை ஒரு லென்ஸால் காட்ட முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒளிப்பதிவாளர் அசகாசு நக்காய் என்கிற பெயர் எல்லாம் வெகு பின்னால் தெரிந்துகொண்டது. இதே மனிதர் முப்பது வருடம் கழித்து, இந்தப் படத்தின் இயக்குநர் குரோசாவாவின், 1985இல் வந்த ‘ரான்’ படத்தின் ஒளிப்பதிவிலும் இருந்தார்.

குரோசாவா முதலில் ஓவியர் ஆகத்தான் ஆசைப்பட்டார். 1910இல் பிறந்தவர், பதினெட்டு வயதில் அவருடைய ஓவியம் பெயர்பெற்ற நிக்கா கண்காட்சிக்குத் தேர்வானது. சினிமா ஸ்டுடியோவில் உதவி இயக்குநராகச் சேர்ந்தது 1936இல்தான். அவருடைய அண்ணன் ஹெய்கோ மௌனப் படங்களுக்கு விவரிப்பாளர். அந்தக் காலத்து ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, ஓடுகிற படத்துக்குக் குரல் கொடுத்துக் கதை சொல்வார். ரசிகர்கள் அவருக்காகவே கொட்டகைக்கு வருவதும் உண்டு. பேசும் படம் வந்ததும் அந்தத் தொழில் செத்துப்போயிற்று. 1933இல் ஹெய்கோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1923 செப்டம்பரில் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பூகம்பம் வந்தபோது, பதின்மூன்று வயதுத் தம்பியை இடிபாடுகளுக்கும் பிணங்களுக்கும் நடுவே கூட்டிக்கொண்டு போய், முகத்தைத் திருப்பாமல் பார்க்கச் சொன்னவரும் இதே அண்ணன்தான். கண்ணை மூடிக்கொண்டால்தான் பயம் வரும் என்றாராம். படங்களுக்காகப் பேசிப் பிழைத்த அண்ணனுக்கு, யாரும் பக்கத்தில் நின்று விளக்க வேண்டாத படங்களை எடுத்த தம்பி. இதை வாசித்தபோது, எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மறுத்த மாமாவை நினைத்துக்கொண்டேன்.

மெதுவாக விழும் திருடனைச் சொல்ல வேண்டும். ஒரு திருடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடிசைக்குள் புகுந்துகொள்கிறான். கம்பெய் என்கிற மூத்த சாமுராய், தக்காஷி ஷிமுரா, ஓடைக்கரையில் உட்கார்ந்து குடுமியை மழித்துக்கொள்கிறார். சுற்றி நிற்கும் கூட்டத்துக்குத் திகைப்பு. அந்தக் காலத்தில் ஒரு சாமுராய்க்கு அது உயிர் போகிற அவமானம். துறவி வேடத்தில் சோற்று உருண்டைகளோடு குடிசை வாசலுக்குப் போய், வீசி எறிந்து, சட்டென்று உள்ளே பாய்கிறார். உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. திருடன் வெளியே வருகிறான். ஆனால் அவன் மட்டும் மெதுவாக வருகிறான். நுனிக்காலில் எழும்பி, நின்று, புழுதி கிளம்ப விழுகிறான். இடையிடையே கூட்டம் காட்டப்படுகிறது. அவர்கள் வழக்கமான வேகத்தில் அசைகிறார்கள். தாய் வழக்கமான வேகத்தில் ஓடுகிறாள். சாகிறவன் மட்டும் வேறொரு நேரத்தில் இருக்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கேமராவுக்குள் ஃபிலிமை வேகமாக ஓட்டினால் திரையில் மெதுவாகத் தெரியும் என்று மாமா சொன்னார். பிற்காலத்தில் நம் படங்களிலும் உலகப் படங்களிலும் மெதுவாக விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் இரண்டு வேகங்களையும் மாற்றி மாற்றிப் பின்னியது எனக்கு வேறெங்கும் அவ்வளவு சரியாகப் பட்டதில்லை.

ஏழு பேரையும் பெயர் சொல்லி எனக்கு அடையாளம் தெரியாது. அசைவால் தெரியும். கம்பெய் யோசிக்கும்போதெல்லாம் மழித்த தலையைத் தடவுவார். கியூசோ என்கிற வாள்வீரர் அசையவே மாட்டார். அவருக்கு அசைவது என்றால் வெட்டுவதுதான். தோஷிரோ மிஃபுனே நடித்த கிக்குச்சியோ ஒரு நொடி சும்மா இருக்க மாட்டார். சொறிவார், குதிப்பார், பெரிய வாளைத் தோளில் போட்டுக்கொண்டு முகத்தைக் கோணுவார். கட்சுஷிரோ என்ற இளைஞர் எல்லாரையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருப்பார், என்னைப் போல. அடுத்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு முற்றத்தில் நான் தலையைத் தடவிக்கொண்டு நடந்தேன். ஒரே ஓர் இடத்தில்தான் எழுத்து வாசித்தவர்கள் எல்லாரும் சிரிக்க, நான் மட்டும் விழித்தேன். கிக்குச்சியோ குடித்துவிட்டு ஒரு சுருளை நீட்டி இதுதான் என் வம்சாவளி என்கிறார். அந்தச் சுருளின்படி அவருக்குப் பதின்மூன்று வயது. மாமா ரீல் மாற்றும்போது சொன்னார். சொல்லாவிட்டாலும் நஷ்டமில்லை, அவர் எங்கிருந்தோ திருடிய ஒன்றைக் காட்டுகிறார் என்பது மற்றவர்கள் பார்த்த பார்வையிலேயே தெரிந்திருந்தது.

இனி வரைபடம். என் வாழ்க்கையில் நான் முதலில் படித்த வரைபடம் இந்தியாவுடையது அல்ல, அந்தக் கிராமத்தினுடையது. கம்பெய் ஒரு தாளில் கிராமத்தை வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திசையாகப் போய் நிற்கிறார். மேற்கில் வேலி அடைப்பு. தெற்கில் வயல், அறுவடை முடிந்ததும் தண்ணீர் பாய்ச்சி விடலாம், குதிரை இறங்காது. கிழக்கில் பாலம், பிரித்துப் போட வேண்டியது. வடக்கு மட்டும் வேண்டுமென்றே திறந்திருக்கும், எதிரியை உள்ளே இழுப்பதற்கு. இதெல்லாம் வசனத்திலும் வருகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்தது வேறு வழியில்: தாள் காட்டப்படும், உடனே அந்த இடம் காட்டப்படும், அந்த இடத்தில் யார் நிற்கப்போகிறார் என்பது காட்டப்படும். பிறகு எத்தனை குழப்பமான சண்டை வந்தாலும் எந்தக் குதிரை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. இன்றைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கிற போர்க் காட்சிகளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிவதே இல்லை, அதனால் பயமும் வருவதில்லை. இடம் தெரிந்தால்தான் பயம் வரும். குரோசாவா படத்தின் முதல் பாதியைச் செலவழித்து நம்மை அந்த ஊர்க்காரர் ஆக்குகிறார். அதற்கப்புறம்தான் குதிரைகளை அவிழ்த்துவிடுகிறார்.

அந்த ஊரும் சும்மா கட்டிய செட் அல்ல. இசு தீபகற்பத்தில் தகத்தா என்ற இடத்தில் முக்கியமான கிராமத்தைக் கட்டினார்கள். கிராமத்தில் யார் யார் எந்தக் குடும்பம், யாருக்கு என்ன உறவு என்று நூறு பேருக்கு மேல் ஒரு பதிவேடே எழுதி, துணை நடிகர்களை அந்தக் குடும்பங்களாகவே பழகச் சொன்னார் இயக்குநர். அதனால்தான் கூட்டமாக ஓடும்போதுகூட அவர்கள் கூட்டமாகத் தெரிவதில்லை. யாரோ தன் பாட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஹெய்ஹாச்சி என்கிற சாமுராய் ஒரு கொடி தைக்கிறார். அதில் ஆறு வட்டங்கள், ஒரு முக்கோணம், கீழே ஓர் எழுத்து. ஆறு வட்டமும் ஆறு சாமுராய்; முக்கோணம் கிக்குச்சியோ, அவர் பிறப்பால் சாமுராய் இல்லாததால்; எழுத்து கிராமத்துக்கு. இந்த விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. முக்கோணத்தைப் பார்த்ததும் கிக்குச்சியோவின் முகம் போன போக்கே போதும். அதே மாதிரி எதிரிகளின் கணக்கும் ஒரு தாளில் வட்டங்களாக இருக்கும். கொள்ளைக்காரர்கள் நாற்பது பேர். ஒருவன் விழுந்தால் ஒரு வட்டத்தின் மேல் கோடு. படிக்கத் தெரியாத விவசாயிகளுக்காகப் போட்ட குறிகள் படிக்கத் தெரியாத எனக்கும் வேலை செய்தன.

ஹெய்ஹாச்சிதான் முதலில் சாகிறார். அவரை மேட்டில் புதைத்து, மண்குவியலின் மேல் அவருடைய வாளைச் செருகி வைக்கிறார்கள். ஊரே அழுகிறது. கிக்குச்சியோ திடீரென்று ஓடிப்போய், அவர் தைத்த கொடியை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக் கூரையின் உச்சியில் ஏறி நட்டுவைக்கிறார். காற்றில் கொடி படபடக்கிறது. எல்லாரும் தலையை நிமிர்த்திக் கொடியைப் பார்க்கிறார்கள். கூரை மேல் நிற்கும் கிக்குச்சியோ அங்கிருந்து மலையைப் பார்க்கிறார். மலைச்சரிவில் குதிரைகள் இறங்கி வருகின்றன. அழுகையிலிருந்து போருக்கு ஒரு வசனம்கூட இல்லாமல் படம் தாண்டிவிடுகிறது. மண்குவியல், கொடி, மலை: தரையில் கிடந்த கண்ணைக் கூரைக்கு ஏற்றி, கூரையிலிருந்து அடிவானத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இன்னமும் அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

இடைவேளைக்குப் பிறகு நெருப்பு. அம்மாவிடம் சொன்னால் திட்டுவாள் என்று நான் மறைத்துவைத்த பகுதி இது. பாலத்துக்கு அப்பால் ஓடையோரத்தில் நீராலை. அதிலிருந்த ஊர்க்கிழவர் வெளியே வர மறுத்துவிட்டார். அது எரிகிறது. எரிகிற ஆலையிலிருந்து தண்ணீருக்குள் ஒரு தாய் தள்ளாடி வந்து, குழந்தையைக் கொடுத்துவிட்டு விழுகிறாள். குழந்தை கிக்குச்சியோவின் கைக்கு வருகிறது. அவர் ஓடையிலேயே உட்கார்ந்துவிடுகிறார். முன்னால் குழந்தையோடு அவர், பின்னால் எரிந்துகொண்டிருக்கும் நீர்ச்சக்கரம். ஓடையின் நீரும் அதன் மேல் நெருப்பும் ஒரே சட்டத்துக்குள். அவர் என்னவோ கதறுகிறார். நான் அடியைப் பார்க்கவில்லை. அவரும் இப்படித்தான் யாரும் இல்லாமல் மிஞ்சிய பிள்ளை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஓரிடத்தில், செத்த சாமுராய்களிடமிருந்து விவசாயிகள் உருவிவைத்திருந்த கவசங்கள் கிடைத்ததும் மற்ற ஆறு பேரும் முகம் சுளிக்க, அவர் கேமராவுக்கு நேராக நின்று வெடித்துக் கத்துவார். கத்திக் கத்திக் கடைசியில் குரல் உடையும். எதிரே கம்பெய்யின் கண்ணில் நீர். அந்த முகத்தையும் இந்த ஓடையையும் சேர்த்து வைத்தால் கதை கிடைத்துவிடுகிறது. சேர்த்து வைக்கிற வேலையைக் குழந்தைகூடச் செய்யும்.

கியூசோ பனிமூட்டத்திலிருந்து வரும் விடியற்காலையைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். எதிரிகளிடம் துப்பாக்கி இருக்கிறது. அதில் ஒன்றைப் பிடுங்கிவர இரவில் தனியாகப் போனவர் திரும்பவில்லை. விடிகிறது. சாம்பல் நிற வெறுமையை எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அந்தச் சாம்பலுக்குள் ஓர் அழுத்தமான சாம்பல், அது ஆளாகிறது, நடந்து வருகிறது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்து தூங்கப் போய்விடுகிறார். சண்டை காட்டப்படவில்லை. கட்சுஷிரோ அவரைப் பார்த்த பார்வை காட்டப்பட்டது.

கடைசிச் சண்டை மழையில். எல்லாரும் பேசுவது இதைப் பற்றித்தான், நியாயமும்கூட. குரோசாவா அதுவரை ஒரு கேமராவை வைத்து ஒவ்வொரு ஷாட்டாக எடுத்தவர். மழையில், சேற்றில், குதிரைகளோடு, நூறு பேர் மோதுகிற ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடத்தமுடியாது என்று கண்டு மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார். ஒன்று வழக்கமான இடத்தில், ஒன்று சட்டென்று தீர்மானமான நொடியைப் பிடிக்க, இன்னொன்று கொரில்லாப் படைபோல எங்கே வேண்டுமானாலும். டெலி லென்ஸ் மழைக்கோடுகளைத் திரைச்சீலையாக அடுக்குகிறது. ஒரு குதிரையின் கால், ஒரு மூங்கில் ஈட்டி, சேற்றில் சறுக்கும் ஒரு மனிதன், எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நாங்கள் பார்த்த பிரிண்டில் ஏகப்பட்ட கீறல்கள். எது மழை, எது கீறல் என்று தெரியவில்லை. எனக்கு அது இன்னும் அடைமழையாக இருந்தது.

அந்த மழை பிப்ரவரிக் குளிரில் பெய்விக்கப்பட்டது. டோஹோ நிறுவனம் செலவுக்குப் பயந்து படப்பிடிப்பை நடுவில் நிறுத்தியதுண்டு. அப்போதெல்லாம் குரோசாவா பதறாமல் மீன் பிடிக்கப் போய்விடுவாராம். பெரிய சண்டையைக் கடைசிக்கு வைத்திருந்தார். அது இல்லாமல் படத்தை வெளியிட முடியாது என்று அவருக்குத் தெரியும். கிட்டத்தட்ட ஒரு வருடம் இழுத்த படப்பிடிப்பின் முடிவில், உறைகிற சேற்றில், வெறுங்காலோடு மிஃபுனே. கிக்குச்சியோ குண்டு பட்டு விழுந்து கிடக்கும்போது அவருடைய வெற்றுக்காலில் அப்பியிருந்த சேற்றை மழை கழுவிவிடுகிறது. அதைத் திரையில் பார்த்த நேரத்தில் எனக்குக் குளிர்ந்தது. ஹாலில் மின்விசிறிகூட ஓடவில்லை.

படம் 1954 ஏப்ரல் 26 அன்று ஜப்பானில் வெளியாயிற்று. அந்த வருடமே வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கியது. அதே ஏப்ரலில், சில நாட்கள் முன்னதாக, இங்கே எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ வந்தது. குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த உந்துதலில் பிறந்தது என்று பலரும் சொல்கிற, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். மாமாவுக்கு இந்த இரண்டும் ஒரே மாதத்தில் வந்தன என்பதில் அப்படியொரு சந்தோஷம். எங்களுக்கு வந்த ரீல்களில் முழுப் படம் இல்லை. மூலப் படம் 207 நிமிடம். வெளிநாடுகளுக்குப் போன படிகளில் ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களை வெட்டியிருந்தார்கள். முழுப் படத்தைப் பிற்காலத்தில் பார்த்தபோது, விடுபட்டவை பெரும்பாலும் மூச்சு விடுகிற இடங்கள் என்று தெரிந்தது. கட்சுஷிரோவும் ஷினோ என்ற விவசாயியின் மகளும் சந்திக்கும் வெள்ளைப் பூக்கள் விரிந்த காடு எங்கள் பிரிண்டில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டது. முழுப் படத்தில் அது நிதானமாக விரிந்து, மரங்களுக்கு நடுவிலிருந்து வெயில் பூக்களின் மேல் இறங்குவதைப் பார்த்தபோது, இந்த வெளிச்சத்தை மாமா பார்க்காமல் போய்விட்டாரே என்று இருந்தது. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

நடவுக் காட்சியோடு படம் முடிகிறது. மழை விட்டு வெயில். மேளமும் குழலும் ஒலிக்க, பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். செத்துப்பிழைத்த ஊர் இப்போது சிரிக்கிறது. ஏழு பேரில் மிஞ்சிய மூன்று சாமுராய்கள் வயலுக்கும் மேட்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். அவர்களை யாரும் கவனிப்பதில்லை. ஷினோ கட்சுஷிரோவைத் தாண்டி வயலில் இறங்கிவிடுகிறாள். மேட்டின் உச்சியில் நான்கு மண்குவியல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாள். கீழே ஊர்க்காரர்களின் சமாதிகள். மேல யாரு, கீழ யாரு என்ற மாமாவின் கேள்வி அந்த இடத்தில் என்னைத் திணறவைத்தது. மேலே இருக்கிறவர்கள் செத்தவர்கள். கீழே வயலில் இருக்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், ஜெயித்திருக்கிறார்கள். நான்கு பேரும் துப்பாக்கிக் குண்டில் செத்தவர்கள். ஒருவர்கூட வாளால் தோற்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் மாமாவிடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“அந்த நாலுல கிக்குச்சியோவோடது எது மாமா?”

“எதுன்னு காட்டலையே.”

“கொடியில மட்டும் அவருக்கு முக்கோணம் போட்டாங்க.”

“ஆமாம்.”

“இதுல எல்லாத்துக்கும் வாள்தான் வச்சிருக்காங்க.”

மாமா நின்றுவிட்டார். அதை அவர் கவனித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். தெரு விளக்குக்கு அடியில் பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து, பின்னட்டையில் நான்கு குவியல்களை வரைந்து, “நாலும் ஒரே உயரமா இருந்துச்சா, நடுவுல ஒண்ணு தூக்கலா இருந்துச்சா, யோசிச்சுச் சொல்லு” என்று என்னிடம் பென்சிலைக் கொடுத்தார்.